ஒரு நூல் தள்ளி

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஸ்நூக்கர் சங்கத்தில் பெயர் பதிந்தவர்கள் எல்லாரும் பயிற்சிக் குறிப்பு எழுத வேண்டுமாம். தினமும் எத்தனை மணி நேரம் ஆடினோம், எந்த அடி வந்தது, எது வரவில்லை என்று எழுதி, போட்டி முடிந்ததும் கொடுக்க வேண்டுமாம். நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அஞ்சாவதிலும் பாதிதான். ஆனாலும் எழுதச் சொல்லிவிட்டார்கள், எழுதுகிறேன். கையெழுத்து புரியாவிட்டால் அது படிக்கிறவர் பாடு.

பெயர் ஆறுச்சாமி. வயது ஐம்பத்து மூன்று. கோயமுத்தூர் ஃபேர்வியூ கிளப்பில் மார்க்கர். மார்க்கர் என்றால் டேபிள் மேல் விரித்த பச்சைக் கம்பளித் துணிக்கு பிரஷ் போட்டு இஸ்திரி போடுபவன். குழியில் விழுந்த பந்தை எடுத்து அதன் இடத்தில் வைத்து, பாயிண்டை உரக்கச் சொல்பவன். மெம்பருக்கு ஜோடி வராத சாயங்காலத்தில் எதிரில் நின்று ஆடுபவன். முப்பது வருஷமாக இதுதான்.

இன்றைய பயிற்சி: இல்லை. இன்றைய விசேஷம்: ஒரு கடிதம்.

கிளப்புக்கு நூறு வயது ஆகிறது. அதற்காக இந்தப் பதினொன்றாம் தேதி எங்கள் ஹாலில் ஒரு பெரிய போட்டி. முப்பத்திரண்டு புரொஃபஷனல் ஆட்டக்காரர்கள். ஒரு தடவை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மே மாதம் ஈரோட்டில் நடந்த தேர்வில் நான் ஜெயித்ததால் முப்பத்திரண்டில் ஒருவன் நான். நடத்துவது சங்கம். ஹால் மட்டும்தான் கிளப்புடையது. சிக்கல் அந்த ஹாலில்தான்.

கிளப் செக்ரட்டரி ராஜ்மோகன் சார் தன் கையாலேயே கடிதத்தைக் கொடுத்தார். மில்காரர் வீட்டுப் பிள்ளை. அவரும் இந்தப் போட்டியில் ஆடுகிறார்.

“என்னய்யா ஆறுச்சாமி, லிஸ்ட்டுல உன் பேரு இருக்குது?”

“ஆமாங்க சார். எழுத்துப் பிழை கூட இல்லீங்க.”

“உனக்கு எல்லாமே சிரிப்புத்தான். மெம்பர் ஹால்ல ஸ்டாஃப் போட்டி ஆடறதுக்கு நம்ம ரூல்ல எடமில்ல. உன் பேர எடுக்க முடியாதுன்னு சங்கத்துல சொல்லிப்போட்டாங்க. சரி, அவங்க எடுக்க வேண்டாம். நாங்க எடுக்க வேண்டியத நாங்க எடுத்துக்கறோம்.”

கடிதம் இங்கிலீஷில் இருந்தது. மேனேஜரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். பத்தாம் தேதிக்குள் விலகிக்கொண்டால் ஒன்றும் இல்லை. பதினொன்றாம் தேதி ஆட்டத்துக்கு டேபிள் பக்கம் போனால் அன்றோடு வேலை போனதாக அர்த்தம். கிளப்புக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸையும் ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும்.

பெண்டாட்டி துளசியிடம் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். ராத்திரிக்குக் கொள்ளும் சோறும்.

ஆகஸ்ட் 2, சனி

காலை ஆறு மணிக்கு ஒன்றாம் நம்பர் டேபிளுக்கு இஸ்திரி. துணிக்கு மயிர் ஒரே திசையில்தான் படிய வேண்டும், பூனை முதுகைத் தடவுகிற மாதிரி. எதிர்த்துத் தடவினால் பூனையும் சீறும், டேபிளும் சீறும்.

இஸ்திரி முடிந்தால் டேபிளைச் சோதிக்க நாலு பந்து அடித்துப் பார்ப்பது என் வழக்கம். வலது கை இஸ்திரிப் பெட்டி பிடித்துச் சூடேறி இருக்கும். அதனால் இடது கையால் அடிப்பேன். அந்த நேரத்தில் ஹாலில் ஆள் இருக்க மாட்டார்கள். இடது கை ஆட்டத்தை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை. இன்று பன்னிரண்டு பந்து தொடர்ந்து விழுந்தது.

பயிற்சி: இதை எழுதிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. துளசி எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, புளிச்சோறு என்று மூன்று வகை கட்டினாள். நான் நொய்யல் ஆற்றுக்குப் போகலாம் என்றேன். “நொய்யல்ல தண்ணி ஓடுனா கூப்புடுங்க, இல்லீன்னா சிறுவாணிக் கொழாயடியிலயே கும்புட்டுக்கலாம்” என்றாள்.

சாயங்காலம் டியூட்டி. இதை எழுதினால்தான் பின்னால் படிக்கிறவர்களுக்கு என் தொழில் புரியும்.

ஒரு மெம்பர் வருகிறார், ஜோடி இல்லை. “வா ஆறுச்சாமி, மூணு ஃப்ரேம் போடலாம்” என்கிறார். முதல் ஃப்ரேமை, அதாவது முதல் சுற்றை, மார்க்கர் ஜெயிக்க வேண்டும், கொஞ்சமாக. அப்போதுதான் மெம்பருக்குச் சந்தேகம் வராது. இரண்டாவதை அவர் ஜெயிப்பார். மூன்றாவது கடைசிக் கறுப்புப் பந்து வரைக்கும் இழுக்க வேண்டும். கறுப்பை மார்க்கர் அடிக்க, பந்து குழியின் வாயில் பட்டு, ஒரு நூல் தள்ளி நின்றுவிட வேண்டும். அடடா என்று மார்க்கர் தலையில் கை வைக்க வேண்டும். நின்ற பந்தை மெம்பர் தள்ளிவிட்டு வீட்டுக்குச் சந்தோஷமாகப் போவார்.

மெம்பரின் பாயிண்டை மார்க்கர் உரக்கச் சொல்ல வேண்டும். தன் பாயிண்டை மார்க்கர் வாய்க்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. எல்லாக் கிளப்பிலும் இப்படித்தான்.

பந்தைக் குழியில் போடுவதற்குத் திறமை வேண்டும் என்பார்கள். ஒரு நூல் தள்ளி நிறுத்திப் பாருங்கள், தெரியும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இட்லிக் கொப்பரையைக் காணோம். சிங்காநல்லூரில் துளசியின் அக்கா வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருக்கிறார்களாம், கொடுத்திருக்கிறாளாம். காலையில் தோசை. பயிற்சி ஒன்றரை மணி நேரம்.

ஆகஸ்ட் 6, புதன்

ராஜ்மோகன் சார் ஹாலுக்கு வந்தார். “வாய்யா, பழைய மாதிரி ஒரு ஃப்ரேம்” என்றார்.

ஆடினோம். இன்று விட்டுக்கொடுக்கக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் கியூக் கோலை எடுத்தேன். கறுப்பு மட்டும் மிச்சம். நல்ல பந்து. அடித்தேன். குழி வாயில் பட்டு, ஒரு நூல் தள்ளி நின்றது. என் கை தலைக்குப் போய்விட்டது. என் வாய் “அடடா” என்றது. ரெண்டையும் நான் செய்யச் சொல்லவில்லை.

சார் கறுப்பைத் தள்ளிவிட்டுச் சிரித்தார். “இத வச்சுக்கிட்டா போட்டிக்குப் போற? ரெண்டாயிரத்து மூணுலயும் இதே கறுப்புத்தான, இதே மூலைதான?”

“ஆமாங்க சார். உங்களுக்கு நல்ல ஞாபகசக்திங்க.”

இரண்டாயிரத்து மூன்றில் நடந்தது இதுதான். மாவட்டத் தேர்வுப் போட்டி. ஜெயிக்கிறவருக்கு மாநில அணியில் இடம். அப்போது நான் தினக்கூலி. கிளப்புக்குத் தலைவர் சாருடைய அப்பா. கடைசி ஆட்டம் எனக்கும் சாருக்கும். கறுப்பில் கை தவறிவிட்டது. அவ்வளவுதான்.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. குவார்ட்டர்ஸ் சாவியும் கொடுத்தார்கள்.

பயிற்சி: இரண்டு மணி நேரம். கறுப்பு மட்டும் ஐம்பது தடவை. ஆள் இல்லாதபோது ஐம்பதும் விழுகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சுவர்க்கடிகாரம் ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். அரிசி அண்டாவும் போயிருக்கிறது. அண்டாவுக்கு என்ன ரிப்பேர் என்று துளசியிடம் கேட்டேன்.

“ஓட்டைங்க.”

“இப்படியே போனா நாளைக்கு என்னையும் யாருக்காச்சும் எரவல் குடுத்துருவ போல.”

“உங்கள எவ வாங்குவா? கேரண்டி முடிஞ்சு எத்தன வருசமாச்சு.”

துணி தைக்கிற மெஷினை மிதித்துக்கொண்டே சொல்கிறாள், தலையைத் தூக்காமல். முப்பது ஜாக்கெட் தைக்க வேண்டுமாம் இந்த ஆடியில். நான் கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தேன். கடிதம் இருக்கிறது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

விலக இன்று கடைசி நாள். மேனேஜர் மூன்று தடவை வந்து “ஒரு கையெழுத்துத்தான ஆறுச்சாமி” என்றார். “என் கையெழுத்து கோணலா இருக்குமுங்க, கிளப்புக்கு மரியாதை இல்லீங்க” என்று திருப்பி அனுப்பினேன்.

போட்டிக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு கோட்டு, கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி போ டை போட வேண்டும் என்று சங்கத்தின் விதி. கை இல்லாத கோட்டு. அதற்கு நான் எங்கே போவேன்? கிளப் மார்க்கரின் யூனிஃபார்மும் அதேதான்! மார்பில் கிளப் முத்திரை மட்டும் கூடுதல். துளசியிடம் அதைப் பிரித்துத் தரச் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. பிளேடால் ஒவ்வொரு நூலாகப் பிரித்தாள். பிரித்த முத்திரையைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கோழி ரெக்கை முளைச்ச மாதிரி ஒரு சிங்கம்” என்றாள்.

கையெழுத்துப் போடவில்லை. நாளைக்கு ஆடுகிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஸ்டாஃபுக்குப் பின்பக்கம் சமையல்கட்டு வழிதான். இன்று போர்ட்டிகோ வழியாக, முன்வாசலில் நுழைந்தேன். வாட்ச்மேன் ஆளைப் பார்க்காமல் கோட்டைப் பார்த்து சல்யூட் அடித்தார். முகத்தைப் பார்த்ததும் கையை இறக்கலாமா வேண்டாமா என்று தவித்தார். “அடிச்சது அடிச்சதாவே இருக்கட்டுமுங்க” என்றேன்.

முதல் ஆட்டம் பெங்களூர் கிரீஷ் என்பவரோடு. நல்ல ஆட்டக்காரர், முப்பது வயது. ஹாலுக்குள் போனதும் என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

“அண்ணா, ரெண்டு டீ. ஒண்ணு ஷுகர் இல்லாம. சீக்கிரம், மேட்ச் இருக்கு எனக்கு.”

அவர் மேல் தப்பில்லை. என் கோட்டைப் பார்த்தால் யாரும் டீதான் கேட்பார்கள். நான் போய் டீ கொண்டு வந்தேன். தட்டை நீட்டினேன். குடித்தார். “உங்க ஆட்டம் யாரோடங்க?” என்று கேட்டேன்.

“யாரோ ஆறுச்சாமியாம். லோக்கல்.”

“சர்க்கரை சரியா இருக்குதுங்களா?” என்று கேட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என் கியூவின் இரண்டு துண்டையும் சேர்த்துப் பூட்டினேன். அவர் முகம் போன போக்கை எழுத அஞ்சாவது படிப்பு போதாது.

எனக்கும் ஒரு கூத்து நடந்தது. ரெஃப்ரி ஜெசிந்தா மேடம், வெள்ளைக் கையுறை போட்டவர், பந்தை எடுத்து வைப்பதும் பாயிண்ட் சொல்வதும் அவர் வேலை. கிரீஷ் கறுப்பைக் குழியில் போட்டார். நான் எழுந்து போய், குழியிலிருந்து கறுப்பை எடுத்து, துடைத்து, அதன் இடத்தில் வைத்து, “நாப்பத்தி மூணு!” என்று கத்திவிட்டேன்.

ஹாலே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. “மிஸ்டர் ஆறுச்சாமி, உங்க எடத்துல உக்காருங்க.”

உட்கார்ந்தேன். அடுத்த கறுப்பு விழுந்தது. மறுபடியும் நான் குழிப் பக்கம் நிற்கிறேன்! எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

“இன்னொரு தடவ பந்தத் தொட்டீங்கன்னா ஃப்ரேம அவருக்குக் குடுத்துருவேன். கடைசி எச்சரிக்கை.”

“மன்னிச்சுருங்க மேடம். பந்து விழுந்தா காலு தானா எந்திரிக்குதுங்க.”

டீத்தட்டை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு மீதி ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கையும் காலும் தட்டுக்கு அடியில் சிறை. என் முறை வரும்போது மட்டும் விடுதலை.

மூன்றுக்கு ஒன்று. ஜெயித்தது நான். கிரீஷ் கை கொடுத்தார். “அண்ணா, அந்த டீ...”

“நல்லா இருந்துதுங்களா? அதுதான் நான் போட்ட கடைசி டீ.”

வேலை போனது. சரியாகப் பதினொன்று இருபதுக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலையில் மேனேஜர் வந்தார். கோட்டு கிளப் சொத்து, திருப்பித் தர வேண்டுமாம். கொடுத்தேன். முத்திரையையும் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். பதினெட்டாம் தேதிக்குள் வீட்டுச் சாவி.

நாளைக்கு இரண்டாம் ஆட்டம், போட கோட்டு இல்லை. எதிராளி யார் என்று பலகையில் எழுதிவிட்டார்கள். ராஜ்மோகன் சார்.

இனி மறைத்துப் பிரயோசனம் இல்லை. துளசி முன்னால் போய் நின்றேன். என்னென்னவோ பேசி ஆரம்பிக்க நினைத்து, கடைசியில், “புள்ள, வீடு போச்சு” என்றேன்.

மெஷினை நிறுத்தினாள். “எந்த வீடுங்க?”

“இந்த வீடுதான்.”

“இதுல என்ன இருக்குது இனி போறதுக்கு? நல்லாப் பாருங்க.”

பார்த்தேன். கொப்பரை இல்லை, அண்டா இல்லை, கடிகாரம் இல்லை. பீரோவைத் திறந்தேன், காலி. பரண் காலி. சாமிப் படம் கூட இல்லை. ஒரு கட்டில், ஒரு மெஷின், ரெண்டு தட்டு, நான்.

“சிங்காநல்லூர்ல அக்கா வீட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு புடிச்சு எட்டு நாளாச்சு. தெனமும் பஸ்சுல ஒவ்வொண்ணாக் கொண்டு போறேன். அண்டாவுக்குத்தான் கண்டக்டர் ஒரு டிக்கெட் கேட்டான்.”

“உனக்கு எப்புடித் தெரியும்?”

“உங்க கோட்டுப் பையத் தொழாவாம என்னிக்காச்சும் துவைச்சிருக்கனா நானு?”

“இங்கிலீசுல இருந்துதே!”

“மேனேஜர் ஊட்டம்மா ஜாக்கெட் அளவு குடுக்க வந்தாங்க. படிக்கச் சொன்னேன்.”

பத்தாம் தேதி நான் விலகியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன்.

“அண்டாவத் திருப்பித் தூக்கீட்டு வந்திருப்பேன். கண்டக்டருக்கு இன்னொரு டிக்கெட்டு. ஆனா உங்க மொகத்தப் பாத்துட்டுத்தான் அட்வான்ஸ் குடுத்தேன்.”

அவள் எழுந்து கட்டில் மேல் விரித்திருந்த பச்சைத் துணியை உருவினாள். போன வருஷம் இரண்டாம் நம்பர் டேபிளுக்குப் புதுத் துணி போட்டபோது, கழித்த துணியைத் துடைக்க வைத்துக்கொள் என்று எனக்குக் கொடுத்தது. நல்ல கம்பளி. அதை உதறி என் மார்பில் வைத்து அளவு பார்த்தாள்.

“நேரா நில்லுங்க. தொப்பைய உள்ள இழுங்க. இழுத்தது போதும், மூச்ச உடுங்க, இல்லீன்னா நாளைக்கு பட்டன் தெறிச்சு யாரு கண்ணுலயாச்சும் படும்.”

பயிற்சி: இல்லை. கோட்டு: பச்சை.

ஆகஸ்ட் 13, புதன்

நான் உள்ளே போனதும் ஒருவர், “டேபிள் ஒண்ணு எந்திருச்சு நடந்து வருது டோய்” என்றார். பின்பக்கம் ஒரு இடத்தில் பழைய சாக்பீஸ் கறை வேறு. ராஜ்மோகன் சார் மேடத்திடம் போய், இது உடையா என்று கேட்டார். மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். கோட்டு இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது, டேபிள் துணியில் தைத்ததாக இருக்கக் கூடாது என்று இல்லை, நிறம் கறுப்பு “அல்லது அடர் நிறம்.” பச்சை அடர் நிறம்தான் என்று தீர்ப்பு.

ஐந்து ஃப்ரேம், மூன்று எடுத்தவர் ஜெயித்தவர். முதல் ஃப்ரேம் எனக்கு. இரண்டாவதில் கறுப்பு வரைக்கும் வந்தது. அடித்தேன். ஒரு நூல் தள்ளி நின்றது. மூன்றாவது எனக்கு. நான்காவது மறுபடியும் கறுப்பு. மறுபடியும் ஒரு நூல். கை தலைக்குப் போனது.

இரண்டுக்கு இரண்டு. சார் நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் குடித்தார். “பாவம்யா நீ. வேலையும் போயி, ஆட்டமும் போயி.”

“இன்னும் ஒண்ணு இருக்குதுங்களே சார்.”

ஐந்து நிமிஷ இடைவேளையில் பாத்ரூம் போனேன். மெம்பர் பாத்ரூம். முப்பது வருஷத்தில் கழுவ மட்டும்தான் உள்ளே போயிருக்கிறேன். கண்ணாடி முன்னால் வலது கையை நீட்டிப் பார்த்தேன். நடுங்கவில்லை. அதுதான் விஷயம். நடுங்கியிருந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாம். அது கல் மாதிரி நிற்கிறது. நல்ல கை. சம்பளம் வாங்கிய கை. மெம்பர் எதிரில் நின்றால், கறுப்பு மிச்சம் இருந்தால், என்ன செய்ய வேண்டும் என்று அதற்குத் தெரியும். என்னைக் கேட்காது.

ஆறாம் தேதி பக்கத்தில் இரண்டாயிரத்து மூன்றைப் பற்றி எழுதியிருக்கிறேன், கை தவறிவிட்டது என்று. தவறவில்லை. ஆட்டத்துக்கு முதல் நாள் பெரியவர், சாருடைய அப்பா, என்னைக் கூப்பிட்டு, “பையன் ரொம்ப ஆசப்படறான் ஆறுச்சாமி. உனக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டேன்” என்றார். நான் “சரிங்க” என்றேன். அந்தக் கறுப்பை நான்தான் நிறுத்தினேன். இதைக் கோடு போட்டு அடிக்காமல் விட்டுவைக்கிறேன். சங்கத்துக்காரர்கள் படித்தால் படிக்கட்டும்.

ஐந்தாவது ஃப்ரேம். முதலில் அவர் முன்னால் போனார், பின்னால் நான் பிடித்தேன். கடைசியில் டேபிளில் இரண்டே பந்து, பிங்க்கும் கறுப்பும். அவர் அறுபத்தொன்று, நான் ஐம்பத்திரண்டு. பிங்க்குக்கு ஆறு, கறுப்புக்கு ஏழு. இரண்டும் எனக்கு வேண்டும். ஒன்று போனாலும் ஆட்டம் அவருக்கு.

பிங்க்கை வலது கையால் போட்டேன். ஐம்பத்தெட்டு. வெள்ளைப் பந்து உருண்டு போய், கறுப்புக்கு நேராக வந்து நின்றது. அதே கறுப்பு, அதே மூலை. கியூவைத் தாழ்த்தினேன். சார் எழுந்துவிட்டார், நான் விடப்போகும் பந்தைத் தள்ளிவிடத் தயாராக. அவருக்கும் பழக்கம்.

நான் நிமிர்ந்தேன். டேபிளின் அந்தப் பக்கம் போய், கியூவை இடது கைக்கு மாற்றினேன்.

“என்னய்யா கிண்டலா? மேடம், இவன் என்னையக் கேவலப்படுத்தறான்!”

ஜெசிந்தா மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “எந்தக் கையிலயும் ஆடலாம் சார். தயவுசெஞ்சு உக்காருங்க.”

கிண்டல் இல்லை. என் ஆயுசில் கிண்டல் இல்லாமல் நான் செய்தது இரண்டு மூன்று காரியம்தான், அதில் இது ஒன்று. என் இடது கை விடிகாலையில் மட்டும் ஆடிய கை. ஆள் இல்லாத ஹாலில் ஆடிய கை. அது யாருக்கும் தோற்றதில்லை. தோற்கச் சொல்லி யாரும் அதற்குப் பழக்கவில்லை.

அடித்தேன். குழியின் நடுவில் போய் விழுந்தது. வாயைக்கூடத் தொடவில்லை.

கால் தானாக நடந்தது. குழியில் கை விட்டு, கறுப்பை எடுத்து, பச்சைக் கோட்டில் துடைத்து, அதன் இடத்தில் வைத்தேன். ஆட்டம் முடிந்துவிட்டதால் மேடம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.

“அறுபத்தஞ்சு!”

முப்பது வருஷத்தில் என் பாயிண்டை நான் உரக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்து துளசியிடம் இரண்டாயிரத்து மூன்றைச் சொன்னேன். அவள் பச்சைக் கோட்டில் கழன்ற பட்டனைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“தெரியுமுங்க.”

“அதுவுமா? எந்தப் பையில இருந்துது அது?”

“சாவி வாங்கீட்டு வந்தீங்களே, அன்னிக்கு நீங்க என்னைய ஒரு வார்த்த கிண்டல் பண்ணுல. சோத்துல உப்பு இல்ல, அதுக்குக்கூட. கல்யாணமான நாள்ல இருந்து அந்த ஒரு நாளுத்தான். புது ஊட்டுக்கு வந்துட்டு மனுசன் இப்படி உக்காந்திருக்காரேன்னு பாத்தேன். என்னமோ வித்துப்போட்டு வந்திருக்காருன்னு தெரிஞ்சுபோச்சு.”

நூலைப் பல்லால் கடித்தாள். “கேக்க வேண்டாம்னு உட்டுட்டேன். எனக்கும் ஊடு வேணுமா இருந்துது அப்ப.”

ஆகஸ்ட் 14, வியாழன்

கால் இறுதி. இதிலிருந்து ஏழு ஃப்ரேம், நாலு எடுத்தவர் ஜெயித்தவர். சென்னைப் பையன் தமீம், இருபத்து மூன்று வயது. நாலுக்குச் சைபர். தோற்றேன்.

எப்படித் தோற்றேன் என்று எழுதினால்தான் திருப்தி. முதல் ஃப்ரேமில் நான் உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழவே இல்லை. இரண்டாவதில் ஒரு ரெட் விட்டேன், ஒரு நூல் அல்ல, ஒரு சாண். மூன்றாவதில் வலது கை, இடது கை இரண்டையும் காட்டினேன். இரண்டையும் அவன் மதிக்கவில்லை. நான்காவதில் என் முழு வித்தையையும் இறக்கினேன். முப்பது நிமிஷம் வியர்த்து ஊற்றியது, கம்பளிக் கோட்டு வேறு. அவன் வந்து ஒரே மூச்சில் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். “தம்பி, ஒரு சந்தேகம். நீ எதாச்சும் விட்டுக் குடுத்தியா எனக்கு?”

“சேச்சே, இல்ல அங்கிள். நீங்க?”

“ஒண்ணு கூட இல்லப்பா.”

சொல்லிவிட்டு நான் சிரித்த சிரிப்பில், பையன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வரவா என்றான். அவனுக்கு எப்படித் தெரியும்? ஐம்பத்து மூன்று வயதில் இன்றைக்குத்தான் நான் ஒழுங்காகத் தோற்றிருக்கிறேன். முழுக்க என் தோல்வி. யாருக்கும் இதில் பங்கில்லை.

துளசி பொரிச்ச மீன் வாங்கி வைத்திருந்தாள். ஜெயித்தால் மீன் என்றல்லவா சொன்னாய் என்றேன். “தோத்தா முள்ளு உங்களுக்கு” என்றாள்.

ஆகஸ்ட் 16, சனி

மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, சாவி கொடுக்கக் கிளப்புக்குப் போனேன். முன்வாசல் வழியாக. வாட்ச்மேன் இந்தத் தடவை முகத்தைப் பார்த்துத்தான் சல்யூட் அடித்தார்.

மேனேஜர் இல்லை. ஹாலில் ராஜ்மோகன் சார் மட்டும், தனியாக. ஒன்றாம் நம்பர் டேபிளில் கறுப்பை மட்டும் வைத்து அடித்துக்கொண்டிருந்தார். விழுந்தது. அவரே போய் எடுத்து வைத்தார். மறுபடியும் அடித்தார். போட்டி முடிந்து சங்கத்து ஆட்கள் போனபின் டேபிளுக்கு யாரும் இஸ்திரி போடவில்லை. பந்து ஓடுவதைப் பார்த்தாலே தெரிந்தது.

சாவியை டேபிள் விளிம்பில் வைத்தேன். அவர் நிமிராமல் கேட்டார்.

“ஆறுச்சாமி, நெசத்தச் சொல்லு. அந்த ரெண்டாயிரத்து மூணு...”

“அப்பாவக் கேட்டிருக்கலாமுங்க சார், இருந்தப்ப.”

கியூவைக் கீழே வைத்தார். வராந்தாவில் அவர் வாங்கிய கோப்பைகள் வரிசையாக இருக்கும் அலமாரி, நான்தான் வாராவாரம் துடைப்பேன். கதவு வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இருவது வருசம் உங்கூட ஆடியிருக்கறேன். எத்தன ஃப்ரேம்யா நான் நெசமா ஜெயிச்சேன்? ஒரு நம்பர் சொல்லு. திட்ட மாட்டேன்.”

அந்த மனுஷன் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் என் வலது கை தலைக்குப் போகப் பார்த்தது, அடடா என்று சொல்லி எதையாவது கொடுத்து அனுப்பலாம் என்று. பிடித்து நிறுத்தினேன்.

“பாயிண்ட் சொல்றது மார்க்கர் வேலைங்க சார். அந்த வேலையில இருந்து நீங்கதானுங்க என்னைய எடுத்தீங்க.”

கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நம்பர் எனக்குத் தெரியும். மார்க்கருக்குத் தெரியாமல் இருக்குமா? இந்த நோட்டிலும் அதை எழுதப் போவதில்லை. சங்கத்துக்காரர்கள் நாலு பேர் படிப்பார்கள்.

சிங்காநல்லூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஸ்நூக்கர் பார்லர் இருக்கிறது. இஸ்திரி போட்டுக் கொடுத்தால் காலையில் இரண்டு மணி நேரம் டேபிள் தருகிறேன் என்றிருக்கிறார் முதலாளி. அக்டோபரில் சேலத்தில் அடுத்த போட்டி. பெயர் கொடுத்துவிட்டேன். படிவத்தில் கிளப் என்று ஒரு கட்டம் இருந்தது. கோடு போட்டுவிட்டேன்.

புது வீட்டில் கடிகாரம் சுவரில் கோணலாகத் தொங்குகிறது. இட்லி அவித்தாள். கொப்பரையிலும் ஓட்டை இல்லை, அண்டாவிலும் ஓட்டை இல்லை.

பயிற்சி: நாளையிலிருந்து. இடது கைக்கு அரை மணி போதும். மீதி எல்லாம் வலது கைக்குத்தான்.